வளைந்த சுவரும் நேரான பலகையும்

சுவர் என்றால் நேராகத்தான் இருக்கவேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோருடைய முடிவான அபிப்பிராயம். அசையாமல் வழிமறித்து நிற்பவனைப் பார்த்து, "சுவர் மாதிரி நிற்கிறானே!" என்று சொல்லும்போது, வளைந்து செல்லும் சுவரை யாரும் மனத்தில் நினைப்பதில்லை. ஆயினும் வளைந்த சுவர்கள் நம் தேசத்தில் ஏராளமாகவே இருக்கின்றன. பம்பாய்க் கடற்கரை ஓரமாக 1930-ஆம் ஆண்டுகளிலும் 1940-ஆம் ஆண்டுகளிலும் எழும்பிய மாடிக் கட்டிடங்களைக் கண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மூலைகளெல்லாம் உருண்டு, கப்பலின் முகப்பைப் போல் வளைந்து நிற்கும் அந்தக் கட்டிடங்கள் 2018-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டன. அதே காலத்துப் பாணியில் சென்னையில் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றிலும் மாடிப்படிக் கூடம் அரைவட்டமாக அமைந்திருப்பதைக் காணலாம்.

பிற்காலத்தில் வளைந்த சுவருக்கு நம் நாட்டில் பெரிய மதிப்பைத் தேடிக் கொடுத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமாகும் வரையில் நம்மவராகவே வாழ்ந்த கட்டிடக் கலைஞர் அவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்கவேண்டும் என்று பம்பாயில் காந்தியடிகள் தம்மிடம் சொன்னதாகவும், தமது வேலைக்கெல்லாம் அதுவே வழிகாட்டியாக இருந்தது என்றும் அவர் பலமுறை கூறியிருக்கிறார். திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு அருகே அவர் கட்டிய காப்பி ஹோட்டலுக்குள் நுழைந்தவர்கள், தரை சுழன்று சுழன்று மேலே ஏறுவதையும், அதனோடு சுவரும் சுழன்று போவதையும் கண்டு வியக்காமல் இருக்க முடியாது.

சுவரை வளைப்பது வெறும் அழகுக்காக மட்டும் அன்று. அதில் இரண்டு லாபங்கள் உண்டு. முதலாவது லாபம் சிக்கனம். நாற்பது அடி நீளமுள்ள சுவரைச் சதுரமாகக் கட்டினால் உள்ளே நூறு சதுர அடி இடம் கிடைக்கும். அதே நாற்பது அடிச் சுவரை வட்டமாகக் கட்டினாலோ, ஏறக்குறைய 127 சதுர அடி கிடைத்துவிடும். இரண்டாவது லாபம் பலம். ஒரு தபால் கார்டை மேஜைமேல் நேராக நிறுத்திப் பாருங்கள், விழுந்துவிடும். சற்றே வளைத்து நிறுத்தினால் நிற்கும். மெல்லிய செங்கல் சுவருக்கும் இதே நியாயந்தான்.

இப்படிப்பட்ட வீட்டுக்குக் குடி போகிறவர்கள் முதல் வாரம் முழுவதும் அதன் அழகைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டாவது வாரத்தில், பீரோவை எங்கே வைப்பது, சுவாமி படத்தை எங்கே மாட்டுவது, குழந்தைகளின் கரும்பலகையை எங்கே பொருத்துவது என்ற கேள்விகள் எழுகின்றன. பேக்கருடைய காப்பி ஹோட்டலில் மேஜைகளும் பெஞ்சுகளும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டிருப்பதால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது. வீடு என்பது ஹோட்டல் அல்லவே! நேராக அறுத்த பலகையைத்தான் கடைக்காரர் கொடுக்கிறார். வளைந்த சுவரைத்தான் வீடு கொடுக்கிறது. இரண்டையும் எப்படிச் சமாதானப்படுத்தி வைப்பது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

குழிந்த சுவர், புடைத்த சுவர்

வளைந்த சுவரில் இரண்டு ஜாதி உண்டு. வட்டமான அறைக்குள்ளே நின்று பார்க்கும்போது சுவர் நம்மைச் சூழ்ந்து குழிந்திருக்கும். அதே சுவரை வெளித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் நம்மை நோக்கிப் புடைத்திருக்கும்.

குழிந்த சுவரில் நேரான பலகையைச் சார்த்தினால், அதன் இடது ஓரமும் வலது ஓரமும் சுவரைத் தொடும். நடுப்பாகம் சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். நடுவில் கையால் அழுத்தினால் பலகை உள்ளே வளையும். புடைத்த சுவரில் கதை நேர்மாறானது. நடுவில் மட்டும் பலகை சுவரைத் தொடும். இரண்டு ஓரங்களும் விலகி நிற்கும். வலது ஓரத்தில் எழுதினால் இடது ஓரம் எழும்பும். இடது ஓரத்தில் எழுதினால் வலது ஓரம் எழும்பும். குழந்தைகள் ஏறி விளையாடும் ஏற்றமரம் போலத்தான்.

இரண்டுக்கும் ஒரே காரணந்தான்: பலகைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரிந்துகொள்ளாமல் ஆணியும் சுத்தியலுமாகப் புறப்பட்டால், சுவரில் துவாரங்கள் பெருகுமே ஒழியப் பலகை நிற்காது.

வில், நாண், அம்பு

வட்டத்தின் ஒரு துண்டை வில் என்று வைத்துக்கொண்டால், அதன் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குப் போகும் சிறு கோடு அம்பு. நமது முன்னோர்கள் வைத்த பெயர்களே இவை. தனுஸ், ஜ்யா, சரம் என்று வடமொழியில் சொன்னார்கள். மேல்நாட்டார் அந்தச் சிறு கோட்டுக்கு இட்டிருக்கும் 'சாஜிட்டா' என்னும் லத்தீன் பெயருக்கும் அம்பு என்றே பொருள். நமது சுவர்தான் வில், பலகைதான் நாண், நாம் தேடும் இடைவெளிதான் அம்பு.

499-ஆம் ஆண்டில், தமது இருபத்துமூன்றாவது வயதில், ஆரியபடர் இயற்றிய நூலின் கணித பாகத்தில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு வட்டத்தை நாண் இரு துண்டுகளாகப் பிரிக்கும்போது, இரண்டு பக்கத்து அம்புகளையும் பெருக்கினால், பாதி நாணைத் தன்னாலேயே பெருக்கிய தொகை வரும் என்பதே அது. யூக்ளிடின் மூன்றாம் புத்தகத்திலும் இதே உண்மை வேறு வடிவில் இருக்கிறது. 1150-இல் எழுதப்பட்ட பாஸ்கரருடைய லீலாவதியில், காற்றில் சாய்ந்து நீரில் மூழ்கும் தாமரையைக் கொண்டு குளத்தின் ஆழத்தைக் காணும் கணக்கும் இந்தச் சூத்திரத்தின் குழந்தைதான்.

இனி நமது சுவருக்கு வருவோம். நாலடி நீளமுள்ள நேரான மரச்சட்டம் ஒன்றை எடுத்துக் குழிந்த சுவரில் கிடையாக வையுங்கள். இரு முனைகளும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். சட்டத்தின் நடுவிலிருந்து சுவர் வரையில் அடிக்கோலால் அளந்தால் மூன்று அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி நாண் 24 அங்குலம். அதைத் தன்னாலேயே பெருக்கினால் 576. சிறிய அம்பு 3. ஆகவே எதிர்ப்பக்கத்து அம்பு 192. இரண்டும் சேர்ந்தால் வட்டத்தின் முழுக் குறுக்களவு: 195 அங்குலம். அதில் பாதியாகிய 97½ அங்குலம், அதாவது எட்டடி ஒன்றரை அங்குலம், வட்டத்தின் ஆரம். அறையின் நடுவில் போய் நிற்காமலே, ஒரு குச்சியைக் கொண்டு இதைக் கண்டுவிட்டோம்.

ஆரம் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு. பலகையின் அகலத்தைத் தன்னாலேயே பெருக்கி, ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் இடைவெளி வந்துவிடும். எட்டடி ஆரமுள்ள சுவரில் நாலடிப் பலகை: பதினாறை அறுபத்துநான்கால் வகுக்க, கால் அடி, அதாவது மூன்று அங்குலம். இது கிட்டத்தட்டச் சரியான கணக்கு. சுவர் மிகவும் நெருக்கமாக வளையும்போது கொஞ்சம் குறைத்துக் காட்டும். நாலடி ஆரமுள்ள மாடிப்படிக் கூண்டில் அதே நாலடிப் பலகைக்கு இந்தக் கணக்கு ஆறு அங்குலம் என்று சொல்லும். உண்மையில் ஏறக்குறைய ஆறரை அங்குலம் இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. பலகையின் அகலம் பாதியானால் இடைவெளி பாதியாவதில்லை, கால் பங்காகிறது! நாலடிப் பலகைக்கு மூன்று அங்குலம் என்றால், இரண்டடிப் பலகைக்கு முக்கால் அங்குலந்தான். ஆகையால் நாலடிக்கு மூன்றடிப் பலகையை நெடுக்காக நிறுத்தி மாட்டினாலே, மூன்று அங்குலம் சுமார் ஒன்றே முக்கால் அங்குலமாகக் குறைந்துவிடுகிறது. ஒரே பெரிய பலகைக்குப் பதில் இரண்டு சிறிய பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் தொல்லை இன்னும் குறையும். ஒரு பக்கத்தில் பாடமும் மறு பக்கத்தில் கணக்குமாகக் குழந்தைகளுக்கும் அது சௌகரியமே.

ஒரு வீட்டில் நடந்தது

இவ்வளவு நுணுக்கமாக ஏன் பார்க்கவேண்டும், பலகை கொஞ்சம் ஆடினால் என்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கு நன்கு தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

திருவனந்தபுரத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் அது. வீட்டின் முன் அறை வட்டமானது. அன்பருடைய தாயாருக்கு வயது அறுபத்தெட்டு. பக்கவாதம் வந்து, வலது கை தளர்ந்து, பேச்சும் குழறி, எழுத்துக்கள் மறந்துபோயிருந்தன. பல வருஷங்களாக வீட்டுக் கணக்கைத் தம் கையாலேயே எழுதி வந்தவர் அந்த அம்மாள். உடல் சற்றுத் தேறியதும், சுவரில் கரும்பலகை ஒன்றை மாட்டி, அதன் முன் நின்று பெரிய பெரிய எழுத்துக்களாக எழுதிப் பழகவேண்டும் என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னார். நிற்பதற்கும் கையை உயர்த்துவதற்கும் எழுத்தை நினைவுபடுத்திக்கொள்வதற்கும் ஒரே சமயத்தில் பயிற்சி கிடைக்கும் என்பது அவருடைய யோசனை.

வீட்டார் அன்றைக்கே மெல்லிய பலகை ஒன்றை வாங்கி வந்து, இரண்டு ஆணிகளில் தொங்கவிட்டார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மாள் வலது கையில் சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு, விழாமல் இருப்பதற்காக இடது உள்ளங்கையைப் பலகையின் நடுவில் ஊன்றினார். பின்னால் இருந்த மூன்று அங்குல வெற்றிடத்தில் பலகை உள்ளே வளைந்து, ஓரம் சுவரில் உராய்ந்து, 'டக்' என்று சத்தம் போட்டது. அவ்வளவுதான். விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் கையை எடுத்துக்கொண்டவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பத்து நாள் அந்தப் பலகையின் பக்கமே திரும்பவில்லை. கால் நிற்குமா என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பவருக்குச் சுவரும் நிற்காது என்று தோன்றிவிட்டால் அப்புறம் என்ன தைரியம் வரும்?

பிறகு நாகர்கோவிலிலிருந்து வந்து அங்கே தொழில் செய்யும் ஆசாரி ஒருவரை அழைத்தார்கள். அவர் ஒரு பகல் முழுவதும் வேலை செய்தார். முடிந்ததும் அம்மாளிடம் வந்து, "அம்மா, இப்பம் கையை ஊணிப் பாருங்கோ. சுவர் அசைஞ்சாத்தான் பலகை அசையும்" என்றார்.

அம்மாள் நம்பவில்லை. "நீ முதல்லே சாய்ஞ்சு காட்டப்பா" என்று குழறிய குரலில் சொன்னார். ஆசாரி முதுகைக் கொடுத்துச் சாய்ந்து காட்டினார். அதற்குப் பிறகே அம்மாள் எழுந்தார். அன்று அவர் எழுதியது கோணலான இரண்டு எழுத்துக்கள். மூன்று மாதம் கழித்து நாம் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, பலகையின் மேல் மூலையில் அந்த மாதத்துப் பால் கணக்கு எழுதியிருந்தது. கூட்டல் சரியாகவே இருந்தது.

ஆகவே பலகை தன் பாரத்தைத் தாங்கினால் போதாது. அதில் சாய்கிற மனிதரையும் தாங்கவேண்டும். நாலடிக்கு மூன்றடி அளவுள்ள அரை அங்குல ஒட்டுப்பலகையின் எடை எட்டுக் கிலோ அளவுதான். அதன்மேல் ஊன்றும் ஒரு கையின் பாரம் சில சமயம் அதைவிட அதிகமாக இருக்கும்.

ஆசாரி செய்த வேலை

முதலில் அவர் சுவரைப் பரிசோதித்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சுவர் மேலிருந்து கீழ்வரையில் நேராக இறங்குகிறதா என்று பார்த்தார். பலகையின் மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு ஆகிய மூன்று உயரங்களிலும் சட்டத்தை வைத்து இடைவெளியை அளந்தார். கொத்தனாருடைய பூச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்புவதற்கில்லை. ஓர் இடத்தில் மூன்று அங்குலமும் இன்னோர் இடத்தில் இரண்டே முக்கால் அங்குலமும் இருப்பது சகஜம்.

பிறகு ஓர் அங்குல தடிமனும் ஆறு அங்குல அகலமும் நாலடி நீளமும் உள்ள மூன்று மரப்பலகைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் அலமாரித் தட்டைப் போலக் கிடையாகப் பிடித்துச் சுவரில் சார்த்தினார். இரு முனைகளும் சுவரைத் தொட, நடுவில் மூன்று அங்குலம் விலகி நின்றது. கவராயத்தின் கால்களைச் சரியாக மூன்று அங்குலத்துக்கு விரித்து, ஒரு கால் சுவரைத் தடவிக்கொண்டே போக, மறு காலில் செருகிய பென்சில் பலகையின்மேல் கோடு இழுத்துக்கொண்டே போயிற்று. சுவரின் வளைவு, பூச்சின் மேடு பள்ளம் உட்பட, அப்படியே பலகையில் இறங்கிவிட்டது. இதில் கவனிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: கவராயத்தை நடுவழியில் திருப்பக்கூடாது. அதன் இரண்டு கால்களும் தொடக்கத்தில் எந்தத் திசையில் இருந்தனவோ அதே திசையில் கடைசிவரை நகரவேண்டும். திருப்பினால் கோடு பொய்யாகிவிடும்.

கோட்டின்மேல் குறுகிய ரம்பத்தால் அறுத்தபோது, ஒவ்வொரு பலகையும் முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் சுவருக்கு ஏற்ற வளைவாகவும் ஆயிற்று. நடுவில் ஆறு அங்குலமும் முனைகளில் மூன்று அங்குலமுமாக அகலம் நின்றது. மூன்றையும் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்றாக இரும்பு 'எல்' ஆங்கிள்களின்மேல் சுவரோடு பொருத்தினார். ரசமட்டத்தை வைத்துக் கிடை பார்த்தார். மூன்றின் முன் விளிம்புகளும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று தூக்குக்குண்டால் மறுபடியும் பார்த்துக்கொண்டார். அந்த மூன்று விளிம்புகளின்மேல் புதிதாக வாங்கிய அரை அங்குலப் பலகையைத் திருகாணியால் முடுக்கினார். கீழ்ப்பலகையை மட்டும் இரண்டு அங்குலம் கூடுதலான அகலத்தில் எடுத்து, முன்னால் நீட்டி விட்டிருந்தார். சாக்குக்கட்டி வைக்க அதுவே மாடமாயிற்று. கை ஊன்றும் இடத்துக்கு நேர் பின்னே நடுப்பலகை இருப்பதால், இப்போது பலகைக்கு வளைய இடமே இல்லை.

இவ்வளவு வேலைக்கு வசதியில்லாதவர்கள் நிலையான சட்டங்களைக் கொண்டும் காரியத்தை முடிக்கலாம். பலகையின் இரு ஓரங்களுக்கும் நேராக, மேலிருந்து கீழாக இரண்டு சட்டங்களைச் சுவரில் பொருத்தவேண்டும். வளைந்த சுவர் அந்த ஓரங்களில் பலகைக்குச் சாய்வாக இருக்கும் என்பதை மறக்கலாகாது. நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் சாய்வு பதினான்கரை டிகிரி. ஆகவே இரண்டு அங்குல அகலமுள்ள சட்டத்தின் பின்புறத்தை, வெளிப்பக்கம் ஓர் அங்குலமும் உட்பக்கம் ஒன்றரை அங்குலமும் இருக்கும்படி இழைப்புளியால் சரிவாக இழைத்துவிட்டால், சட்டம் சுவரில் முழுவதும் படிந்து உட்காரும். இழைக்காமல் பொருத்தினால் ஒரு விளிம்பு மட்டுமே சுவரைத் தொடும். திருகாணியை முடுக்க முடுக்கச் சட்டம் புரளும். இரண்டு சட்டங்களும் நின்ற பிறகு, ஒன்றின் முகத்திலிருந்து மற்றொன்றின் முகத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்கவேண்டும். நடுவில் வைக்கும் மூன்றாவது சட்டத்தின் தடிமன் அதுவே. நமது உதாரணத்தில் அது நாலு அங்குலம் வரும்.

புடைத்த சுவருக்கு இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். நடுச்சட்டம் மெல்லியது, ஓரச்சட்டங்கள் தடித்தவை, அவற்றின் சரிவும் எதிர்ப்பக்கமாக இருக்கும். பாரம் முழுவதையும் நடுச்சட்டம் தாங்கும். ஏற்றமர ஆட்டத்தை ஓரச்சட்டங்கள் தடுக்கும்.

துவாரம் போடும் முறை

சுவரில் துவாரம் போடுவதற்கு முன், பக்கத்தில் மின்சார ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுவருக்குள்ளே புதைத்த கம்பிக் குழாய் பெரும்பாலும் ஸ்விட்சுக்கு நேர் மேலாகவோ நேர் கீழாகவோ போகும். அந்தப் பாதையில் கை வைக்கலாகாது.

வளைந்த சுவரில் துவாரம் போடுகிறவர்கள் பலகைக்கு நேராகத் துரப்பணத்தைப் பிடிப்பது வழக்கம். அது தவறு. துவாரம் சுவருக்கு நேராக, வட்டத்தின் நடுப்புள்ளியை நோக்கியபடி இருக்கவேண்டும். அப்போதுதான் திருகாணி முழுப் பலத்தோடு பிடிக்கும். போடவேண்டிய ஆழத்தைத் துரப்பண ஊசியில் ஒட்டுத்தாளால் அடையாளம் செய்துகொண்டால் அளவு தவறாது. துவாரத்திலுள்ள செங்கற்பொடியை ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் பிளக்கைச் செருகவேண்டும்; பொடி இருந்தால் பிளக் வழுக்கும்.

முற்காலத்தில் உலர்ந்த மரத்தை ஆப்பாகச் செதுக்கித் துவாரத்தில் அடித்து, அதில் ஆணியை இறக்குவார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது ஆப்பும் தளரும். இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் நைலான் பிளக்கை 1958-இல் கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்தர் ஃபிஷர். திருகாணி உள்ளே போகப் போக அது விரிந்து சுவரை இறுக்கிக்கொள்கிறது. பலகை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் ஆயுள் இந்தச் சிறு பிளக்கில்தான் இருக்கிறது.

பேக்கர் பாணியில் கட்டிய வீடுகளில் இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே செங்கலைப் படுக்கவைக்காமல் ஓரமாக நிறுத்திக் கட்டுகிறார்கள். சுவரின் நடுவே வெற்றிடம் விடுகிறார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் இதனால் மிச்சமாகும். ஆனால் முன்பக்கத்துச் செங்கலின் தடிமன் மூன்று அங்குலந்தான். அதற்கப்பால் வெறும் காற்று. ஆகையால் அங்கே இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமாகத் துளைக்கக்கூடாது. சாந்து நிரப்பிய இடுக்கில் துளைக்காமல் செங்கலின் நடுவில் துளைப்பது உத்தமம்.

பலகையையே வளைத்துவிட்டால்?

சுவரை நேராக்க முடியாது. பலகையை வளைக்க முடியாதா என்று ஒரு மாணவன் நம்மைக் கேட்டான். கெட்டிக்காரத்தனமான கேள்வி. வளைக்கலாம் என்பதே பதில்.

காகிதக் காலண்டரை வட்டத் தூணில் ஒட்டினால் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. அதையே மண்பானையின்மேல் ஒட்டிப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் சுருக்கம் விழும். தூண் ஒரு திசையில் மட்டும் வளைந்திருக்கிறது. பானை இரண்டு திசைகளிலும் வளைந்திருக்கிறது. இந்த வேற்றுமையின் ஆழ்ந்த காரணத்தை 1827-இல் ஜெர்மன் கணித மேதை காஸ் விளக்கினார். நமது சுவரும் தூணின் ஜாதியைச் சேர்ந்ததுதான். ஆகவே மெல்லிய ஒட்டுப்பலகையை எட்டடி ஆரமுள்ள சுவரில் தாராளமாக வளைத்துப் பதிக்கலாம். அதில் வரையும் முக்கோணமும் சதுரமும் அளவில் மாறுவதில்லை. சுவர்மேலேயே நேரடியாகக் கரும்பலகை வர்ணம் பூசிவிடுவது இன்னும் சுலபம். நம் கிராமப் பள்ளிக்கூடங்களில் கரியையும் கோவையிலையையும் அரைத்துப் பலகைக்குப் பூசிய காலத்தை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த உபாயம் எல்லோருக்கும் பொருந்தாது. வாடகை வீட்டில் சுவருக்குக் கறுப்பு வர்ணம் பூசினால் வீட்டுக்காரர் என்ன வர்ணம் ஆவார் என்று சொல்லவேண்டியதில்லை. சுவரில் ஈரம் ஏறும் வீடுகளிலும் ஒட்டிய பலகை சீக்கிரம் உப்பிப்போகும். சட்டங்களின்மேல் நிற்கும் பலகைக்குப் பின்னே காற்று உலாவுவதால் அது உலர்ந்தே இருக்கும். அந்த இடுக்கில் குளவி கூடு கட்டாதபடியும் கரையான் ஏறாதபடியும் மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். துவாரமே போடக்கூடாது என்று சொல்லும் வாடகை வீடுகளில், சுவரை அதன் போக்கில் விட்டுவிட்டு, கால்கள் உள்ள தாங்கியில் பலகையை நிறுத்துவதே விவேகம். ஆனால் அதில் யாரும் சாயக்கூடாது.

பலகையின் உயரத்தையும் யோசித்து முடிவு செய்யவேண்டும். கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றடியில் இருந்தால் பெரியவர்கள் நின்று எழுதலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டடியே போதும். யார் எழுதப்போகிறார்களோ அவர்களைப் பக்கத்தில் நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லிப் பார்த்து அடையாளம் செய்வதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

வளைந்த சுவர் உள்ள வீடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனினும் வில்லும் நாணும் அம்பும் எங்கும் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பெரியவர் ஒருவர் துணையோடு, கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கு உட்புறம் இரண்டடிக் குச்சியைக் கிடையாக வைத்து, நடு இடைவெளியை அளந்து வரும்படி குழந்தைகளிடம் சொல்லுங்கள். இரண்டு அங்குலம் என்று வந்து சொன்னால், பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, இரண்டால் வகுத்து, அந்த இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். எழுபத்துநான்கு அங்குலம், அதாவது ஆறடி இரண்டு அங்குலம் கிணற்றின் குறுக்களவு என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு கிணற்றின் குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்து, கணக்கு சரிதானா என்று சோதித்தும் பார்க்கட்டும்.